வளைகூரையின் கணக்கு யார் கையில் இருந்தது?

கேட்டவர் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்குக்குள் (கிர்க் என்றால் ஸ்காட்லாந்துக்காரர் பேச்சில் தேவாலயம்) முதல் தடவையாகப் போய்ப் பார்த்திருக்கிறார். கேள்வி மூன்று துண்டாக வந்தது. கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் அந்த நீலக் குவிமாடம் இருநூறு வருடமாக எப்படி நிற்கிறது? ஐரோப்பாவின் பழைய நகர்மன்றங்களில் கல்லை எந்தக் கணக்கில் வெட்டி வளைகூரை போட்டார்கள்? கல்வேலையில் யாருக்கும் சளைக்காத நம் ஊரில் கல் வளைகூரை ஏன் இல்லை, நம்மவர்களுக்குத் தெரியாதா?

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. அந்த உரிமையில் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டும் தானே வழிக்கு வரும்.

சென்னையைச் சுற்றி என்ன கல் கிடைக்கிறது என்று பாருங்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியல் புத்தகங்களில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிமேல் கிடக்கும் பலகை இந்த வகைக் கல்தான்; அதை வைத்தே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் மட்டும் கல்கத்தாக்காரருடையது. இந்தக் கல்லில் உளி வைத்தால் பொறி பறக்கும். ஆனால் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடித்தால் பலகை பலகையாக நேராகப் பிளக்கும். பிளந்து வருவது தூண், உத்தரம், மூடுபலகை. நேரான துண்டு மலிவு, வளைந்த முகம் கொள்ளை விலை. கல்லே அப்படி விலை வைத்திருக்கிறது.

அதற்காக வளைந்த முகம் செதுக்கத் தெரியாதென்று சொல்லிவிட முடியாது. ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் கல் கூரைவிளிம்பு, அடியில் மரச் சட்டமும் ஆணியும் போலக் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி போட்டுக்கொள்வார்களாம். தச்சர்கள் மத்தியில் புழங்கும் பேச்சு இது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் ஒரே கல்லில் கோத்த சங்கிலி தொங்குகிறது. கருங்கல்லில் சங்கிலி செதுக்கியவருக்கு வளைவுக்கு வேண்டிய ஆப்பு வடிவக் கல் வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படியானால் ஏன் வெட்டவில்லை? வளைவு வெளிப்பக்கமாகத் தள்ளும். கோயில் கட்டியவர்கள் அந்தத் தள்ளலே வேண்டாம் என்று வைத்தார்கள். தூண் மேல் உத்தரம், உத்தரம் மேல் பலகை, எல்லா எடையும் நேராகக் கீழே. கல்லுக்கு அமுக்கம் தாங்கும், இழுப்பு தாங்காது. அதனால் பலகை அதிக நீளம் போக முடியாது, தூண்களை நெருக்கி நெருக்கி நிறுத்தவேண்டும். ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண் எதற்கு என்பதற்குப் பக்தியோடு இந்தக் காரணமும் உண்டு. உயரே போகவேண்டிய இடத்தில் ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி அடுக்கினார்கள். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்கூடு அப்படி ஏறியதுதான். உதைச்சுவர் கிடையாது, கட்டி முடியும் வரை வளைவைத் தாங்கப் பலகைச் சாரமும் கிடையாது. பின்னால் நாயக்கர் காலத்தில் மதுரை மகாலிலும் செஞ்சிக் களஞ்சியத்திலும் வளைகூரை தாராளமாக வருகிறது. அங்கே கையில் எடுத்தது கருங்கல் இல்லை, செங்கல்லும் சுண்ணாம்பும்.

ஆக, வளைகூரை கட்டுவதென்றால் அதன் கணக்கை எங்கேயாவது வைத்தாக வேண்டும். பிரான்சில் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் வைத்தார்கள். மெட்ராஸில் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலிருக்கும் காரையில் வைத்தார்கள். மீதிப் பதில் முழுக்க இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

முதலில் தள்ளல் என்றால் என்ன என்று கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். சுவரில் ஒரே மட்டத்தில் இரண்டு ஆணி அடித்து ஒரு மெல்லிய சங்கிலியைத் தொங்கவிடுங்கள். போனில் படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். தொங்கும்போது எல்லா வளையமும் இழுபட்டது. திருப்பிப் போட்டால் அதே வடிவத்தில் எல்லாத் துண்டும் அமுக்கப்படும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675-ல் இதை எழுத்தைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார், தான் சொல்வதற்கு முன் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாதென்று. சங்கிலியைத் தளர விட்டால் ஆணியில் இழுப்பு குறைவு. விறைப்பாகக் கட்டினால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். வளைவும் அப்படித்தான். உயர்ந்த வளைவு குறைவாகத் தள்ளும், தட்டை வளைவு சுவரை உதைத்துத் தள்ளும்.

வளைவின் வடிவம் தலைகீழ்ச் சங்கிலியேதான் இருக்கவேண்டும் என்பதில்லை. அந்தக் கோடு வளைவின் கனத்துக்குள் எங்கேயாவது அடங்கிவிட்டால் போதும். அரைவட்ட வளைவு தன் எடையை மட்டும் சுமந்து நிற்க, கனம் ஆரத்தில் ஏறத்தாழ 10.7 சதவீதமாவது இருக்கவேண்டும் என்று கணக்கு. 10 அடி ஆரத்துக்கு 13 அங்குலம். அதற்குக் கீழே போனால் கோடு வளைவின் தோள்பட்டைப் பக்கம், அதாவது உச்சிக்கும் காலுக்கும் நடுவில், கனத்தை விட்டு வெளியே எட்டிப்பார்க்கும், வளைவு மடங்கி விழும். பழைய வளைவுகளின் தோளில் கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியிருப்பதைப் பார்த்தால் குப்பை என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள்.

சரி, பிரான்சுக்குப் போவோம். அங்கே பல ஊர்களில் கிடைப்பது மென்மையான சுண்ணக்கல். ரம்பம் போட்டு அறுக்கலாம், வேண்டிய வளைவுக்குச் செதுக்கலாம். கல் ஒத்துழைக்கும்போது மனிதனுக்கு ஆசை ஏறும். அந்த ஆசையின் உச்சங்களில் ஒன்று, தெற்கே ஆர்ல் நகர்மன்றத்தின் கீழ்த்தளக் கூடம். 1673-க்கும் 1676-க்கும் இடையில் எழுந்த கட்டடம். அந்த வளைகூரையில் கட்டடக் கலைஞர் ழூல் ஆர்துவேன் மான்சாரின் கை உண்டு. பெரிய கூடம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை, மேலே கிட்டத்தட்டத் தட்டையான கல் கூரை. எடையெல்லாம் ஓரத்துத் தூண்களுக்கும் சுவர்களுக்கும் வழிகிறது. சங்கிலியை விறைப்பாக இழுத்துக் கட்டிய கதை அது. ஊர் ஊராகப் போய்த் தொழில் கற்கும் பிரெஞ்சுக் கல்தச்சர்களுக்கு அது பார்த்தே தீரவேண்டிய இடம்.

இதில் கஷ்டம் எங்கே என்று புரிய ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். பிவிசி டி-ஜாயின்ட் ஒன்றைக் கையில் எடுங்கள். ஒரே விட்டமுள்ள இரண்டு குழாய் செங்குத்தாகச் சேர்ந்தால், நேர் எதிரே வைத்துப் பார்க்கும்போது சேரும் விளிம்பு நேர்கோடாகத் தெரியும். உண்மையில் அது ஒரு சாய்ந்த தளத்தில் கிடக்கும் நீள்வட்டம். இரண்டு அரைவட்டக் கூரை ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடத்திலும் இதே விளிம்புதான். 10 அடி அகலமுள்ள இரண்டு கூரை சேர்ந்தால் மூலைவிட்டத்தில் வளைவின் அகலம் 14 அடிக்குச் சற்று மேல், உயரமோ அதே 5 அடி. அதனால்தான் வட்டம் நீள்வட்டமாகிவிடுகிறது. இனி சின்னக் குழாய் பெரிய குழாயில் சேரும் டி-யைப் பாருங்கள். விளிம்பு எந்தத் தளத்திலும் அடங்காமல் முறுக்கிக்கொண்டு போகும். அந்த விளிம்பில் உட்காரும் கல்லுக்கு இரண்டு இறக்கை, ஒன்று இந்தக் கூரையைச் சேர்ந்தது, மற்றது அந்தக் கூரையைச் சேர்ந்தது. அதன் முகங்களில் பல ஒன்றுக்கொன்று மூலைமட்டம் பிடிக்காது. விளிம்பில் முதல் கல்லுக்கு வெட்டிய அச்சு இரண்டாவது கல்லுக்கு ஆகாது.

தச்சர்கள் இதைத் தரையில் முழு அளவுக்கு வரைந்து தீர்த்தார்கள். சாந்து பூசிய தரையில் வளைவை 1:1 கீறி, ஒவ்வொரு முகத்துக்கும் பலகையில் அச்சு வெட்டி, அதைக் கல்லில் வைத்துக் கோடிட்டு, கோடு வரை செதுக்கினார்கள். செங்காவியில் நனைத்த நூலைக் கல்லில் தட்டிக் கோடு போடும் நம் ஸ்தபதிக்கு இதில் பாதி புதிதாக இருக்காது. மீதிப் பாதிதான், அதாவது சாய்ந்து கிடக்கும் முகத்தின் நிஜ அளவைத் தரையில் படுக்கவைத்துக் காண்பதுதான், பரம்பரைத் தொழில் ரகசியம். ழிரார் தெசார்க் என்ற கணித ஆள் 1640-ல், எல்லாக் கல்லுக்கும் ஒரே பொது முறை போதும் என்று ஒரு சிறு வெளியீடு போட்டார். தச்சர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். தொழில் கையை விட்டுக் காகிதத்துக்குப் போகிறதே என்ற கோபம் அது. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, கணக்கு தெசார்க் பக்கம் இருந்தாலும்.

காகிதம்தான் ஜெயித்தது. மெஸியேரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் கணித ஆசிரியர் காஸ்பார் மோன்ழ் அந்த வழிகளையெல்லாம் ஒரே வரைமுறையாக்கினார். மேலிருந்து ஒரு பார்வை, முன்னாலிருந்து ஒரு பார்வை, அவற்றைக் கொண்டு எந்த முகத்தின் நிஜ அளவையும் எடுக்கலாம். கோட்டை கட்டப் பயன்படும் என்பதால் அதைப் பல காலம் ராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள். 1794-95-ல்தான் பொதுவில் பாடம் நடத்த முடிந்தது. டிராஃப்டரையும் சுருட்டிய சார்ட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்கிக் கிண்டிக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த கதைதான். முதல் வருட எஞ்சினியரிங் கிராஃபிக்ஸில் உருளையை வெட்டி மேற்பரப்பை விரித்து வரையச் சொல்வார்களே, எத்தனை பேருக்கு அரியர் வைத்த பேப்பர், அது பிரெஞ்சுக் கல்தச்சனின் தரையிலிருந்து வந்தது. கிண்டி கல்லூரியின் மூலமான சர்வே பள்ளியை மைக்கேல் டாப்பிங் இங்கே தொடங்கியதும் அதே 1794-ல். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

மெட்ராஸில் கணக்கு எப்படி இருந்தது என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு வயதான கொத்தனார். வட சென்னையில் ஒரு பழைய கட்டடத்தில் இடிந்துபோன வாசல் வளைவைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் ஆப்பு வடிவத்தில் செங்கல் அறுக்கவேண்டுமென்று ஒரு டிராயிங் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கி மரியாதையாக மடித்து வைத்துவிட்டார். சாரத்தின் நடுமையத்தில் ஒரு ஆணி அடித்தார், அதில் நூல் கட்டினார். ஒவ்வொரு செங்கல் வைக்கும்போதும் நூலை இழுத்துச் செங்கல்லின் நடுவோடு ஒட்டிப் பார்த்தார். செங்கல்லின் மேல்முனையில், காரைக்குள் ஓட்டுச் சில் ஒன்றைச் சொருகினார். கீழ்முனையில் சில் கிடையாது.

“சார், வளைவு செங்கல்லுல இல்ல, இடுக்குல இருக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 5 அடி ஆரம், 9 அங்குல ஆழம், 2 அங்குலக் கனமுள்ள பழைய தட்டைச் செங்கல். கீழே இடுக்கு கால் அங்குலம் என்றால் மேலே அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரவேண்டும். மறுநாள் போய் அளந்தேன். அந்த ஓட்டுச் சில் அந்த அளவுதான் இருந்தது. தெசார்க்கும் மோன்ழும் காகிதத்தில் தீர்த்ததை ஒரு ஆணியும் நூலும் தீர்த்துவிட்டன, ஏனென்றால் காரை எந்த வடிவத்துக்கும் வளையும். மூலைவிட்டத்தில் முறுக்கும் விளிம்பு வந்தால்கூட நாலு செங்கல்லைக் கொத்திப் போட்டு மீதியைக் காரையில் சமாளித்துவிடலாம். கல்லில் அந்தச் சலுகை கிடையாது. சுண்ணாம்புக் காரை மெதுவாக இறுகுவதும் ஒரு வசதி. சாரம் பிரித்ததும் வளைவு கொஞ்சம் உட்காரும், காரை உடையாமல் கூடவே உட்காரும். சிமென்ட் அப்படி அனுசரித்துப் போகாது.

இந்த முறையில் கட்டிய பழைய கூரையைப் பார்க்கச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்குப் போகலாம். 1678-ல் தொடங்கி 1680-ல் முடித்தது. பக்கம் பக்கமாக ஓடும் வளைகூரைகள், ஏறத்தாழ 2 அடிக் கனம், வெளிச்சுவர் 4 அடி. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று போட்ட கனம் அது. நடுக் கூரையின் தள்ளலைப் பக்கத்துக் கூரைகள் எதிர்த்துத் தள்ளிச் சமன் செய்யும். கடைசியில் மிஞ்சுவதை வெளிச்சுவர் ஏற்கும். பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்தவர்களில் ஓரத்து ஆள்தான் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுபோல. மரமே வேண்டாம் என்று வைத்ததில் தீப் பயத்தோடு கரையானுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி கிர்க். அதைக் கட்டிய தாமஸ் ஃபியாட் டி ஹாவிலாண்ட் மெட்ராஸ் ராணுவப் பொறியாளர், கொஞ்சம் பிடிவாதக்காரர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்குக் குறுக்கே தட்டையான பெரிய செங்கல் வளைவுகளில் பாலம் கட்டலாம் என்றார், யாரும் நம்பவில்லை. 1808-ல் தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒற்றை வளைவு கட்டிக் காட்டினார். அகலம் 112 அடி, உயரம் 11 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எடை சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வளைவின் பாதி எடை 1 டன் என்றால் பக்கவாட்டுத் தள்ளல் இரண்டரை டன். அரைவட்டமாக இருந்திருந்தால் அரை டன்னோடு முடிந்திருக்கும். பாலம் வரவில்லை, தோட்டத்து வளைவு மட்டும் 1930கள் வரை நின்றது.

பத்து வருடம் கழித்து, 1818-ல், அதே ஆள் எழும்பூரில் சதுப்பான ஒரு மனையில் கிர்க்கை ஆரம்பித்தார், 1821-ல் திறந்தார்கள். அடியில் அஸ்திவாரமாக ஏறத்தாழ 150 கிணறு, 14 அடியிலிருந்து 50 அடி வரை ஆழம். உறைக்கிணறு இறக்குவது இந்த மண்ணில் சங்க காலத்திலிருந்து தெரிந்த வேலை. அந்தக் கிணறுகளின்மேல் தேவாலயத்தைத் தூக்கி வைத்தார். உள்ளே வட்டமாக 16 தூண், மேலே 51.5 அடி விட்டத்தில் ஆழமில்லாத குவிமாடம். செங்கல் கூடு, பாரம் குறைய இடையே சுட்ட மண் கூம்புகள்.

குவிமாடத்துக்கும் வளைவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். வளைவில் உச்சிக் கல் உட்காரும் வரை சாரத்தை எடுக்க முடியாது. குவிமாடத்தில் ஒவ்வொரு வளையமும் வட்டம் முடிந்த உடனே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கிணற்று உறை உள்ளே சரியாததும் இதனால்தான். ஆனால் முழு அரைக்கோளமாகக் கட்டினால் கீழ்ப்பாதியில் வம்பு. உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 டிகிரி தாண்டியதும் வளையங்கள் அமுக்கத்திலிருந்து இழுப்புக்கு மாறும், செங்கல் செங்குத்தாக வெடிக்கும். டி ஹாவிலாண்டின் தட்டைக் குவிமாடம் அந்தக் கோணத்துக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது, அதனால் கூடு முழுக்க அமுக்கம்தான். அதற்குக் கொடுத்த விலை, விளிம்பில் சுற்றிலும் வெளிப்பக்கத் தள்ளல். அதை வாங்கத்தான் தூண்கள்மேல் ஓடும் வட்ட வளையமும் அதைச் சுற்றிய கனத்த கட்டுமானமும். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்த வளையத்தில் இருக்கிறது, நீலக் கூரையில் இல்லை.

விரிசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்துக் கேட்பீர்கள். வளைவின் உச்சியில் அடிப்பக்கமாக ஒரு மெல்லிய கோடு, தோளில் மேல்பக்கமாக ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம்; சுவர் ஒரு நூல் அளவு விலகியதற்கு வளைவு கீல் போட்டுக்கொண்டு சமாளித்த அடையாளம் அது. கோடு வருடா வருடம் அகலமானால், அல்லது சுவர் தூக்குக்குண்டிலிருந்து விலகிக்கொண்டே போனால்தான் ஆள் கூப்பிடவேண்டும். பழைய கூரைகளை நான் பார்த்தவரை கொன்றது தள்ளல் இல்லை. அடைத்த மழைநீர்க் குழாய், இடுக்கில் முளைத்த அரசங்கன்று, ஏசி பைப்புக்காகத் தோளில் போட்ட ஓட்டை, சிமென்ட்.

சிமென்ட் விஷயத்தில் நானே குற்றவாளி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒழுகலை நிறுத்தியாக வேண்டுமென்று ஒரு கட்டடத்தில் வளைகூரையின்மேல் சிமென்ட் பூச்சுக்குத் தலையாட்டினேன். ஒழுகல் நின்றது. ஆனால் சுவர் வழியாக ஏறிய ஈரம் மேலே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, இரண்டாவது மழைக்காலத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சு உள்பக்கம் பாளம் பாளமாக விழுந்தது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்புக் காரை அரைத்துத் திரும்பப் போட்டோம். அந்தக் கொத்தனாரையே கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கிர்க்குக்கு இன்னொரு தடவை போனால் நேராகக் குவிமாடத்தைப் பார்க்காமல் தூண் தலைக்கு மேலே, கூரை தொடங்கும் விளிம்பைப் பார்த்தபடி கீழே ஒரு வட்டம் நடந்து வாருங்கள். செயின்ட் மேரீஸுக்குப் போக அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தலைமைச் செயலகம் அங்கேதான் என்பதால் வாசலில் சோதிப்பார்கள்.